பூட்டு சார்

சாவி பூட்டுக்குள் முறிந்தபோது மெம்பர் சமத்துவத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"இந்தக் கதவு இருக்கே, இத்தனை வருஷமா யாருக்கும் திறக்காத கதவும்மா இது. இப்ப உங்களுக்காகத் திறக்குது..." என்று சொன்னவர், அந்த 'திறக்குது'வுக்கு ஓர் அழுத்தம் வேண்டுமென்று கையையும் சேர்த்து அழுத்தினார். டக்கென்றது. சாவியின் தலை அவருடைய விரல்களில் இருந்தது. மிச்சம் பூட்டுக்குள்ளேயே குடியேறிவிட்டது. கதவைத் திறக்கும்போது தினமும் இரண்டு வாக்கியமாவது பேசாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. அன்றைக்குக் கை கொஞ்சம் அதிகமாகவே ஓடிவிட்டது.

அவருக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் நின்றார்கள். நகரசபையின் துப்புரவுத் தொழிலாளிகள். விடிவதற்கு முன் எடுத்த துடைப்பத்தை அப்போதுதான் சுவரில் சாய்த்திருந்தார்கள். பச்சைக் கோட்டுகளின் முதுகில் வியர்வை காய்ந்து உப்புக் கோடு விழுந்திருந்தது. லாரி ஷெட்டின் முற்றத்தில் குப்பை லாரிகள் ஒவ்வொன்றாக வந்து நின்று குளித்துக்கொண்டிருந்தன. குழாயிலிருந்து சீறுகிற தண்ணீர் லாரியின் வயிற்றில் மோதி, தரையில் ஓடி, சாக்கடையில் விழுகிற சத்தம் ஓயாமல் கேட்டது. பெண்கள் கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நின்றார்கள்.

"பேசறப்ப கைய சும்மா வெச்சுக்கணும் சார்" என்றாள் சைரன்.

சைரன் என்பது லாரி டிரைவர்கள் வைத்த பெயர். விடியற்காலையில் தெருமுனையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் போதும், அக்கம்பக்கத்து வீடுகளிலிருந்து கூட்டாளிகள் எல்லோரும் எழுந்து வந்துவிடுவார்கள். கூடவே நாய்களும் எழுந்துவிடும். ரகசியம் என்று அவள் யாரிடமாவது காதோடு சொன்னால் அது லாரிக்கு அந்தப் பக்கம் நிற்பவனுக்கும் கேட்கும். பெயர் பொருத்தம் என்று அவளே ஒத்துக்கொண்டுவிட்டதால் யாருக்கும் சங்கடம் இல்லை.

"இப்ப என்னம்மா பண்றது?" என்றார் மெம்பர், சாவியின் தலையைப் பார்த்துக்கொண்டே.

"நீங்க தள்ளி நில்லுங்க. அதுதான் இப்பப் பண்ண வேண்டியது."

பக்கத்து லாரியிலிருந்து ஜாக்கிக் கம்பியை உருவி வந்தாள் சைரன். பூட்டின் வளையத்துக்குள் செருகி, சுவரில் ஒரு காலை ஊன்றி, ஒரே நெம்பு. பூட்டு வாயைப் பிளந்துகொண்டு கீழே விழுந்தது. பெண்கள் ஆரவாரம் செய்தார்கள். ஓர் எழுத்து வகுப்புக்கு இத்தனை ஆரவாரமா என்று மெம்பர் பூரித்துப்போனார்.

'சின்னது' என்று எல்லோரும் கூப்பிடுகிற புதுக் கல்யாணப் பெண் முதலில் உள்ளே ஓடினாள். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து, "இனிமே இதப் பூட்ட முடியாதுல்ல சார்?" என்று கேட்டாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"கவலைப்படாதீங்க. நாளைக்கே புதுப் பூட்டு வாங்கிடறேன். இதைவிடப் பெருசா, யாராலயும் உடைக்க முடியாத மாதிரி!"

குழாயை மூடியது போலச் சிரிப்பு நின்றது. பாவம், புத்தகமும் சாக்பீஸும் திருட்டுப் போய்விடுமோ என்று எவ்வளவு கவலை இவர்களுக்கு, என்று நினைத்துக்கொண்டார் மெம்பர். அடுத்த நாள் கைக்கு அடங்காத பித்தளைப் பூட்டு ஒன்று வந்தது. சாவி அவருடைய சட்டைப் பையில், பேனாவுக்குத் துணையாக. அந்த வாரத்திலிருந்து அவருக்கு ஷெட்டில் ஒரு பெயர் விழுந்தது: பூட்டு சார்.

வீட்டில் இதைப் பெருமையாகச் சொன்னார். மனைவி தையல் இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டாள்: "பட்டமா, திட்டா?"

"பாசம்டி."

"பாசம்னா மூஞ்சிக்கு நேரா கூப்பிடுவாங்களே. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"ஜன்னலுக்கு வெளிய நின்னப்ப காதுல விழுந்துது."

"அப்ப சரி" என்று சொல்லி மறுபடியும் மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். அவள் 'அப்ப சரி' என்று சொன்னால் எதுவும் சரியில்லை என்று பொருள். அதைத் தெரிந்துகொள்ள மெம்பருக்கு இருபது வருஷம் ஆகியிருந்தது. தெரிந்து என்ன செய்வது என்பது இன்னும் தெரியவில்லை.

மெம்பரிடம் மூன்று பைகள் இருந்தன. கறுப்புப் பையோடு கிளம்பினால் நகரசபைக் கூட்டம். எந்தக் கட்சியிலும் சேராமல், இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற சுயேச்சை உறுப்பினர் அவர். நீலப் பையோடு கிளம்பினால் சமத்துவக் குழு. அதற்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் முன்வராததால் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். துணிப் பையென்றால் முதியோர் கல்வி. அரசியலுக்கு வருவதற்கு முன்பே ஆரம்பித்த வேலை அது. பீடிக் கம்பெனி, செங்கல் சூளை, சந்தை என்று எங்கெங்கோ போய், வயது வந்தவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். அவர்கள் எழுதப் படித்து, வாக்குச்சீட்டில் அவர் பெயரைத் தேடிக் கண்டுபிடித்துக் குத்தினார்கள். மூன்று பைகளையும் மாற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவது அவருடைய வழக்கம். ஒருமுறை பட்ஜெட் கூட்டத்தில் எழுந்து நின்று பையைத் திறந்தால் உள்ளே அரிச்சுவடி இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. சர்க்கரை வியாதி வந்த பிறகு அவரால் ஓரிடத்தில் அதிக நேரம் உட்கார முடியவில்லை. கூட்டத்தில் நடுவில் எழுந்து, "ஒரு நிமிஷம்" என்று விரலைக் காட்டிவிட்டுப் போவார். மெம்பரின் ஒரு நிமிஷம் நகரசபையில் பிரசித்தம். அவர் எப்போது போவார் என்று பார்த்திருந்து இரண்டு பக்கத்தாரும் வாக்கெடுப்பை வைத்துக்கொள்வார்கள்.

அவருடைய அரசியல் வாழ்க்கையிலேயே பெரிய வெற்றியும் அப்படித்தான் கொஞ்சம் சேதாரத்தோடு வந்து சேர்ந்தது. துப்புரவுப் பிரிவில் பெருக்குவது முழுக்கப் பெண்கள். அவர்களை வேலை வாங்குகிற மேஸ்திரிகள் முழுக்க ஆண்கள். மேஸ்திரிக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் காரணம் என்றார்கள். "அப்ப தெரிஞ்சா?" என்று கேட்டுக் கேட்டு, ஒரு வருஷம் எல்லோருடைய உயிரையும் வாங்கி, மெம்பர் அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றினார். காலியாகிற அடுத்த மேஸ்திரி இடத்துக்குப் பெண்கள் போட்டியிடலாம். சுகாதார அதிகாரி முன்னால் உட்கார்ந்து தெருக்களின் பெயரை வாசிக்க வேண்டும். ஒரு பக்கம் அறிக்கை எழுத வேண்டும். அவ்வளவுதான். குறித்த நாளில் யாரும் வராவிட்டால் இடம் பழையபடி சீனியர் ஆணுக்கே போகும் என்ற திருத்தத்தை அவர் 'ஒரு நிமிஷம்' போய்விட்டு வருவதற்குள் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

"அதனால என்ன, நம்ம ஆளுங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டார்.

வகுப்புக்கு இடம் பிடித்ததும் அவரேதான். ஒரு விடுமுறை நாளில் ஷெட்டைப் பார்வையிடப் போனபோது பின்பக்கத்தில் ஓர் அறை கண்ணில் பட்டது. கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே ஒரு கயிற்றுக் கொடி, அதில் சில பழைய துணிகள். கீழே ஒரு வாளி, ஒரு குவளை, சுவரில் ரசம் போன கண்ணாடித் துண்டு. மூலையில் தரை சரிந்து தண்ணீர் போக ஓர் ஓட்டை. "இது என்ன ரூம்?" என்று வாட்ச்மேனைக் கேட்டார். வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "சும்மாதான் சார் இருக்கு. பொம்பளைங்க எதுனா வெப்பாங்க." கணக்கில் அந்த அறைக்கு ஒரு பெயரும் இல்லை. அடுத்த கூட்டத்திலேயே, 'யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் நகரசபைச் சொத்து' என்று மெம்பர் உருக்கமாகப் பேசி அதை வாங்கிவிட்டார். கொடியை அவிழ்த்து, வாளியை வாட்ச்மேனுக்குக் கொடுத்து, மூலை ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசி, சுவருக்கு வெள்ளையடித்துக் கரும்பலகை மாட்டினார். கதவின் மேல் 'சமத்துவக் கல்வி அறை' என்று பலகை. பூட்டு அவர் சொந்தக் காசு.

பூசிய மூலையில் ஒரு மேஜையைப் போட்டு அதன்மேல் பெரிய தண்ணீர்ப் பானையை வைத்தார். நாளெல்லாம் வெயிலில் நின்று வருகிறவர்கள் இல்லையா?

அந்தப் பானைதான் அவருக்குப் பிடிபடாத புதிராக இருந்தது. யாரும் குடிப்பதில்லை.

"தண்ணி குடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்மா."

"தாகமில்ல சார்."

"வெயில்ல நின்னுட்டு வர்றீங்க, எப்படித் தாகமில்லாம இருக்கும்?"

"வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கறோம் சார்."

குழாய்த் தண்ணீர் பிடிக்கவில்லையோ என்று கொதிக்கவைத்த தண்ணீர் கொண்டுவந்தார். அதையும் அவரே குடித்துத் தீர்த்தார். டம்ளர் நெளிந்திருக்கிறதே என்று புது டம்ளர்கள் வாங்கினார். வெயில் ஏறும் நேரத்தில் ஒருநாள் ஷெட்டுப் பக்கம் போனபோது பெண்கள் எல்லோரும் ஒரு லாரியின் நிழலில், டயருக்கு டயர் சாய்ந்து, வாய் உலர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அங்கேயும் யார் பக்கத்திலும் ஒரு பாட்டில் தண்ணீர் இல்லை.

கடைசியில் ஓர் இரவு படுக்கையில் புரண்டபோது அவருக்கு விளங்கிவிட்டது. கூச்சம்! இத்தனை காலம் எந்த வீட்டு வாசலிலும் இவர்களுக்கு யாரும் தன் டம்ளரில் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார்கள். மெம்பர் வைத்த பானையில் எப்படி வாய் வைப்பது என்று தயங்குகிறார்கள். அடுத்த நாள் வகுப்பில் எழுந்து நின்று, டம்ளரைத் தூக்கி வாய் வைத்துப் பாதி குடித்து, மீதியைச் சைரனிடம் நீட்டினார்.

"குடிங்கம்மா. இங்க நீங்க வேற நான் வேற இல்ல."

சைரன் டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கூட்டாளிகளைப் பார்த்தாள். உதட்டை நனைத்துக்கொண்டு டம்ளரைக் கீழே வைத்தாள். மெம்பருக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று மாலையே சமத்துவக் குழுவின் நடவடிக்கைகளில் அதை ஒரு சாதனையாகச் சேர்த்தார்.

பிறகு, குடித்தவர் அவரில்லையா, "ஒரு நிமிஷம்மா" என்று விரலைக் காட்டிவிட்டு முற்றத்துக்கு நடந்தார். டிரைவர்களுக்கென்று ஷெட்டின் மதிலோரம் 'ஆண்கள்' என்று பெரிதாக எழுதிய தடுப்பு ஒன்று இருந்தது. ஒரு வகுப்பில் இரண்டு தடவையாவது அவர் அங்கே போய் வருவார். ஜன்னல் வழியாகப் பன்னிரண்டு ஜோடிக் கண்கள் அவரைக் கொண்டுபோய் விட்டுவிட்டுக் கூட்டி வரும். ஆசிரியர் மேல் எவ்வளவு கவனம்!

தேர்வுக்குச் சைரன்தான் நிற்பாள் என்பது யாரும் கூடிப் பேசாமலே முடிவாகியிருந்தது. எழுத்தை அவள் வாசிக்க மாட்டாள், அதட்டுவாள். "க! கா! எங்க ஓடற, நில்லு!" என்று கரும்பலகையை விரட்டுவாள். பெருக்கும்போது கடைப் பலகைகளை உரக்கப் படித்துக்கொண்டே போவாள். தையல் கடைக்காரர் ஒருவர் தன் பலகையில் எழுத்துப் பிழை இருப்பதை அவளால்தான் தெரிந்துகொண்டார், ஊரே தெரிந்துகொண்டது.

"மேஸ்திரி ஆனா முதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று ஒருநாள் கேட்டார் மெம்பர். பெண்களின் முன்னேற்றம் பற்றி ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்ப்பு.

"நிமிர்ந்து நிப்பேன் சார்."

"பலே! தலை நிமிர்ந்து!"

"தலை இல்ல சார், இடுப்பு. மேஸ்திரிக்குக் குனிய வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் குனிஞ்சா என்னால எந்திரிக்க முடியாது. எந்திரிக்கலன்னா வேலை போயிடும். அவ்வளவுதான்."

தேர்வுக்கு முந்தைய வகுப்புகளில் சைரனின் குரல் இறங்கியிருந்தது. பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, அடிவயிற்றில் பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அந்த வெயிலிலும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"என்னம்மா, பரீட்சை பயமா? எனக்கே பயமாத்தான் இருக்கு, வாங்க, ரெண்டு பேரும் ஒரு டம்ளர் தண்ணி குடிப்போம்" என்றார்.

"வேண்டாம் சார்" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி அவர் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சின்னது ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சைரன் அவள் தொடையில் கிள்ளினாள்.

தேர்வு நாளன்று கறுப்புப் பை, நீலப் பை, துணிப் பை மூன்றையும் தூக்கிக்கொண்டு மெம்பர் நகரசபைக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் நின்றார். எது தேவைப்படும் என்று தெரியவில்லை. அறைக்குள் மேஜை, எதிரில் ஒரு காலி நாற்காலி. சுகாதார அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப மாட்டினார். வாசலில் லாரி க்ளீனர் ஒருவர் தலை வாரி, புதுச் சட்டை போட்டு, கூச்சத்தோடு காத்திருந்தார். சீனியர் அவர்தான்.

சைரன் வரவில்லை.

"வாய்ப்பு கொடுத்தோம் மெம்பர். அவங்க எடுத்துக்கல" என்றார் அதிகாரி. குரலில் குத்தல் இல்லை, உண்மையாகவே வருத்தப்பட்டார். "ஆர்வமின்மைன்னு எழுதிக்கறேன்."

"ஆர்வமின்மையா? கடைப் போர்டையெல்லாம் திருத்துன பொம்பளை சார் அது!"

"அப்ப ஏன் வரல?"

மெம்பர் வாசலை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார். க்ளீனர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அங்கிருந்து நேராக ஷெட்டுக்குப் போனார். வெயில் உச்சியில் இருந்தது. பெண்கள் வழக்கம்போல லாரி நிழலில் சுருண்டிருந்தார்கள். சைரன் எங்கே என்று கேட்டார்.

"உடம்புக்கு முடியல சார்."

"என்ன உடம்புக்கு?"

"காய்ச்சல்" என்றாள் சின்னது. "வயித்து வலி" என்றாள் இன்னொருத்தி. "இடுப்புல பிடிச்சுக்கிச்சு" என்றது டயருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். கூட்டத்தில் மூத்தவளான பெரியக்கா மூவரையும் ஒரு பார்வை பார்த்தாள். "சும்மா இருங்கடி."

"ஏங்க்கா, என்கிட்ட சொல்லக் கூடாதா?"

"சொல்றதுக்கு என்ன சார் இருக்கு? பொம்பளைங்களுக்கு வர்றதுதான்" என்று பெரியக்கா முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அதற்குமேல் அந்தப் பக்கத்தில் கதவு இல்லை.

வாட்ச்மேனைக் கேட்டார். அவர் தலையைச் சொறிந்தார். மேஸ்திரியைக் கேட்டார். "எனக்கென்ன சார் தெரியும், ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு லீவு சொன்னாங்க, குடுத்தேன்" என்று அவர் நழுவினார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் புலம்பினார்.

"யாருமே நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க."

"நீங்க நேரா கேட்டீங்களா?"

"ஆயிரம் தடவை கேட்டேன்."

"மைக்கு முன்னாடி நின்னு கேக்கற மாதிரி கேட்டிருப்பீங்க. அவங்க கைதட்டிட்டுப் போயிருப்பாங்க." இயந்திரத்தை நிறுத்தினாள். "பழம் வாங்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. பை எதுவும் வேண்டாம். சும்மா கையை வீசிட்டுப் போங்க."

பொது ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் கடைசிக் கட்டில் சைரனுடையது. ஓர் இரும்புக் கம்பியில் மருந்துப் பாட்டில் தலைகீழாகத் தொங்கிச் சொட்டிக்கொண்டிருந்தது. பச்சைக் கோட்டு இல்லாமல் அவள் பாதியாகத் தெரிந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் எழுந்து, "அம்மா தூங்கறாங்க" என்றாள். சைரனின் கண்கள் திறந்திருந்தன.

மருந்தைப் பார்க்க வந்த நர்ஸ் அவரைச் சொந்தக்காரர் என்று நினைத்துக்கொண்டாள்.

"ஏன் சார், வீட்டுல யாரும் இவங்கள கவனிக்க மாட்டீங்களா? கிட்னி வரைக்கும் கிருமி ஏறிப்போச்சு. பொழுதெல்லாம் தண்ணி குடிக்காம அடக்கி வெச்சா வேற என்ன ஆகும்? இவங்க மட்டும் இல்ல, இதே பச்சைக் கோட்டுல இந்த வாரத்துலயே ரெண்டாவது ஆளு. இனிமே குனியற வேலை, நிக்கற வேலை எதுவும் கொஞ்ச நாளைக்கு ஆகாது."

"நான் தினமும் பானை வெச்சேன் சிஸ்டர்!" என்றார் மெம்பர். குரல் உடைந்தது. "காய்ச்சின தண்ணி. புது டம்ளர். நானே வாய் வெச்சுக் குடிச்சுக் காட்டினேன்!"

நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். சைரனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

மெம்பர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கையில் பை இல்லாததால் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. பழத்தை மகளிடம் கொடுத்தார்.

"ஏம்மா குடிக்கல? நான் குடுத்ததாலயா?"

சைரன் போர்வையின் நுனியை மடித்தாள்.

"என்கிட்ட ஏதாவது தப்பா? நான் ஏதாவது பேசிட்டேனா? பேசத்தான் பேசுவேன். மனசுல ஒண்ணும் இல்லம்மா."

சைரன் மகளைப் பார்த்து, "கீழ போய் டீ குடிச்சுட்டு வா" என்றாள். மகள் போகிறவரை வாசலையே பார்த்திருந்தாள். பிறகு ஏதோ சொன்னாள். மெம்பருக்குக் கேட்கவில்லை. மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலைக் கேட்க அவர் குனிய வேண்டியிருந்தது.

"அது எங்க ரூம் சார்" என்றாள்.

"எது?"

"நீங்க கிளாஸ் வெச்சிருக்கற ரூம். யாருக்கும் திறக்காத கதவுன்னு தினமும் சொல்வீங்களே. அதுக்குப் பூட்டே கிடையாது சார். நான் வேலைக்குச் சேர்ந்தப்பலேருந்து கிடையாது. துணி மாத்தறது, கால் நீட்டறது, ஒதுங்கறது எல்லாம் எங்களுக்கு அங்கதான். போர்டு இல்ல, கணக்குல இல்ல. ஆனா எங்க ரூம். நீங்க வாட்ச்மேனுக்குக் குடுத்தீங்களே வாளி, அது நாங்க காசு போட்டு வாங்கினது."

மெம்பர் ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்தார்.

"மூலையில ஓட்டைய அடைச்சீங்க. அதுக்கு மேலதான் பானைய வெச்சீங்க."

பாட்டிலிலிருந்து மருந்து சொட்டியது.

"சொல்லியிருக்கலாமேம்மா. ஒரு வார்த்தை..."

"எப்படி சார் சொல்றது? எதிர்ல நிக்கறது ஆம்பளை. அதுலயும் வாத்தியாரு. எழுத்துச் சொல்லிக் குடுக்கற மனுஷன்கிட்ட, சார், எங்களுக்கு ஒண்ணுக்குப் போக இடம் வேணும், நீங்க கிளம்புங்கன்னா சொல்றது?" மூச்சு வாங்கினாள். "சொல்லலாம்னுதான் பெரியக்கா சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். சொன்னா ரூமைக் குடுத்துட்டு கிளாஸ மூடிருவாங்கன்னு நெனச்சேன். எங்களுக்கு எப்ப சார் ரெண்டும் சேர்ந்து கிடைச்சிருக்கு? மேஸ்திரி ஆகற வரைக்கும் அடக்கிக்கலாம்னு பாத்தேன். எல்லாரையும் தண்ணி குடிக்காதீங்கடின்னு நான்தான் சொல்லி வெச்சேன்."

மெம்பர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். சாவி பேனாவோடு சிக்கிக்கொண்டு வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலின் ஓரத்தில் வைத்தார். சைரன் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. இடம் க்ளீனருக்குப் போய்விட்டதை அவள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"கிளாஸ் நடுவுல எழுந்து போவீங்களே சார், ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்னு" என்றாள் சைரன். கோபம் இல்லாமல், ஏதோ பழைய வேடிக்கையைச் சொல்வது போல. "நாங்க எல்லாரும் ஜன்னல் வழியா உங்களயே பாத்துக்கிட்டு இருப்போம். சின்னதுக்கு ஒருநாள் அழுகையே வந்துருச்சு."

காலையிலிருந்து அலைந்ததில் மெம்பருக்கு அடிவயிறு கனத்தது. எழுந்துகொள்ளவில்லை. ஸ்டூலில் கால்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அலமாரியின் மேல் மூடி போட்ட ஜாடியும் ஒரு டம்ளரும் இருந்தன. சைரன் கையை நீட்டினாள். எட்டவில்லை. மெம்பர் ஊற்றிக் கொடுத்தார். அவள் முழங்கையை ஊன்றி எழுந்து, கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது. தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்தாள். டம்ளரை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னும் ஒண்ணு ஊத்துங்க சார்" என்றாள், கட்டிலுக்கு எதிரே பாதி திறந்திருந்த கழிப்பறைக் கதவைக் கண்ணால் காட்டி. "இங்க பக்கத்துலயே இருக்கு."